இரண்டு பி.ஏ.க்களும் ஒரு பேச்சியம்மாளும்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் கரி பஸ்ஸில் இரண்டு பி.ஏ.க்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

சண்டை சீட்டுக்காக அல்ல. சீட்டுக்காக என்றால் எனக்குப் புரிந்திருக்கும்.

மனோதத்துவத்துக்காக!

அதாவது, பி.ஏ. வகுப்பில் மனோதத்துவத்தைத் தனிப்பாடமாக எடுத்து அதையே கரைத்துக் குடிக்க வேண்டுமா? அல்லது தத்துவம், தர்க்கம், நீதி சாஸ்திரம் இவற்றோடு சேர்த்து, சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி, ஓரமாகத் தொட்டுக்கொள்ள வேண்டுமா? பர்மாவில் குண்டு விழுகிறது, அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டது, மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்கிறது... இதற்கு நடுவில் இந்த அவசரப் பிரச்னை!

இரண்டு பேரும் நான் வேலை பார்க்கும் மில்லில் உத்தியோகஸ்தர்கள். ஆகையால் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது.

முதலாமவர் ரகுபதி ராஜா. ராஜபாளையத்துக்காரர்; முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வடக்கே எங்கோ ஒரு கலாசாலையில் மனோதத்துவத்தை மட்டுமே படித்து பி.ஏ. வாங்கி வந்தவர். ஆள் எடுப்பதற்கு விஞ்ஞான முறையில் பரீட்சை வைக்கிறேன் என்று மானேஜரிடம் சொல்லி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. குளிக்கும்போது என்ன செய்கிறார் என்று தெரியாது.

இரண்டாமவர் வைத்தியநாதன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். தொழிலாளர் நல அதிகாரி. சென்னையில் தத்துவம் படித்த பி.ஏ. மனோதத்துவமும் அதில் ஒரு பேப்பராம். ‘எல்லாம் படித்தேன்’ என்பார். எதைக் கேட்டாலும் “அதை இரண்டு விதமாகப் பார்க்கலாம்” என்று ஆரம்பிப்பார். இரண்டு விதமாகவும் பார்த்து முடிப்பதற்குள் மில்லில் ஷிப்ட் மாறிவிடும்.

“எல்லாத்தையும் நுனிப்புல் மேயறதுக்குப் பேரு படிப்பா சார்?” என்றார் ராஜா.

“ஒரே செடியைச் சுத்திச் சுத்தி மேயறதுக்கு வேற பேரு இருக்கு ராஜா. லேடீஸ் இருக்காங்க, சொல்ல வேண்டாம்னு பார்க்கிறேன்” என்றார் வைத்தியநாதன்.

எனக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு பெண். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் தோளை இடித்தாள்.

“அவிய எதைப் பத்தி இம்புட்டுச் சத்தம் போடுதாவ?”

“மனசைப் பற்றிப் படிக்கிற படிப்பாம். எப்படிப் படிக்கணும்னு சண்டை.”

“மனசைப் படிக்கதுக்கா காலேசு? எம் மாமியா பள்ளிக்கூட வாசலையே மிதிச்சதில்ல. நான் அடுப்படியில நின்னு என்ன நெனைக்கேன்னு வாசல்ல இருந்தே சொல்லிப்புடுவா!”

கண்டக்டர் விடுவாரா? “ஏக்கா, உங்க மாமியா ஸ்பெஷலா, பொதுவா?”

“எனக்கு மட்டும் ஸ்பெஷலு” என்றாள் அவள்.

மேட்டில் ஏறும்போது பஸ் இருமியது, நின்றது. பெட்ரோலுக்குப் பதிலாக முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிற வண்டி, அதைக் குறை சொல்லக்கூடாது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பி.ஏ.க்களும் இறங்கினார்கள், தள்ளவில்லை. பஸ் தள்ளுவது ஸ்பெஷல் பாடத்திலும் இல்லை, பொதுப் பாடத்திலும் இல்லை போலிருக்கிறது.

இது வரை தமாஷ்தான். மில்லுக்குப் போன பிறகு நடந்ததுதான் விஷயம்.

என் வேலை டெஸ்டிங் ரூமில். மெஷினில் நூற்று வருகிற நூலை ஒரு கருவியில் மாட்டி, பாரம் ஏற்றி ஏற்றி, எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று பார்த்து எழுதுவது. பி.எஸ்ஸி. படித்ததற்கு இதுதான் பலன். தொழிலாளர்கள் என்னை ‘டீச்சரம்மா’ என்பார்கள். கண்ணாடி போட்ட பெண் வேறு என்னவாக இருக்க முடியும்?

அன்றைக்கு ரீலிங் பகுதிக்குப் பெண் ஆள் எடுக்கிற நாள். ரீலிங் என்றால், நூற்ற நூலைக் கைத்தறிக்காரர்களுக்காகச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற இடம். முன்பெல்லாம் மேஸ்திரி ஓர் அறுந்த நூலைக் கையில் கொடுப்பார். முடிச்சுப் போடச் சொல்வார். போட்டாயா? நாளைக்கு வா. அவ்வளவுதான் பரீட்சை.

இப்போது அதெல்லாம் அநாகரிகம். இப்போது ஸ்டாப்வாட்ச், சீமையிலிருந்து வந்த படங்கள், எண் வரிசைகள் எல்லாம் உண்டு. பெண்ணைப் பரீட்சிக்கும் அறையில் இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்பது மானேஜரின் உத்தரவு. மில்லில் நாற்காலி உள்ள ஒரே பெண் நான். ஆகவே நான். மில்லில் ஏற்கெனவே வேலை பார்ப்பவரின் குடும்பத்திலிருந்து யாராவது வந்தால் தொழிலாளர் நல அதிகாரியும் இருக்க வேண்டும். ஆகவே வைத்தியநாதன்.

வெளியே வராந்தாவில் காத்திருந்த பெண்களின் பேச்சு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

“ஏட்டி, உள்ள என்ன கேக்காவளாம்?”

“மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காவளாம்.”

“நம்ம மண்டையில என்னட்டி இருக்கு... பேனுதான் இருக்கு!”

“அதுவும் மண்டைக்கு வெளியதான இருக்கு!”

சிரிப்பு. ராஜா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பரீட்சைக்கு அமைதி வேண்டுமாம்.

முதலில் வந்தவள் பேச்சியம்மாள். சேத்தூர்க்காரி. அவளை எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அவள் புருஷன் ஆறுமுகம் எங்கள் மில்லில் பஞ்சு குடோனில் வேலை பார்த்தவர். போன மாதம் பஞ்சுப் பொதி ஒன்று சரிந்து காலில் விழுந்து, எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார். வைத்தியநாதன் நேரில் போய் விசாரித்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். புருஷனுக்குப் பதிலாக அவளுக்கு வேலை கொடுக்கலாம் என்று மானேஜரும் ஒப்புக்கொண்டார். ராஜாவின் பரீட்சையில் தேறினால் மட்டும்! தேறாவிட்டால் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் அந்த இடம். அவள் வீட்டு அரிசி அந்த அறையில்தான் இருந்தது.

முடிச்சுப் பரீட்சையில் பேச்சியம்மாள் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சைப் போட்டாள். ராஜா ஸ்டாப்வாட்ச்சை அமுக்க மறந்துவிட்டார். மறுபடி போடச் சொன்னார்.

படப் பரீட்சை. ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் படத்தைக் காட்டி, “இதில் என்ன குறைகிறது?” என்று கேட்டார். அந்தச் சீமாட்டிக்கு ஒரு கண் இல்லை. அதுதான் விடை.

பேச்சியம்மாள் உற்றுப் பார்த்தாள். “தாலி இல்ல, பொட்டு இல்ல... பாவம், எந்த வயசுல அறுத்தாளோ” என்றாள். பிறகு, “ஒரு கண்ணையும் காணோம்” என்றாள் போகிறபோக்கில்.

அரை மார்க் கொடுத்தார் ராஜா. தயாள குணம்.

அடுத்தது ஞாபகசக்திப் பரீட்சை. ராஜா ஒரு வரிசை எண்களைச் சொல்வார். கேட்டவள் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“மூணு, எட்டு, ஆறு, ஒண்ணு.”

“மூணு, எட்டு... ஒண்ணு” என்றாள் பேச்சியம்மாள்.

“தப்பு. இன்னொன்று. ஆறு, ரெண்டு, ஒம்பது, நாலு.”

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். “ரெண்டு, ஒம்பது, நாலு.”

“அஞ்சு, ஏழு, ரெண்டு, ஆறு.”

“அஞ்சு, ஏழு, ரெண்டு... அது.”

“எது?”

“அதான்... அது.”

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். நம் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது நம்பிக்கை. பெயரை மட்டுமா? பெயருக்குள் ஒளிந்திருக்கிற சொல்லையும் சொல்லமாட்டார்கள். புருஷன் ஆறுமுகம் என்றால் அந்த வீட்டுக்காரிக்குக் கணக்கில் அஞ்சுக்கு அப்புறம் ஏழுதான். நடுவில் ஒன்று உண்டு. அது வாயில் வராது.

கூடைக்காரிக்குப் புரியும். அவள் மாமியாருக்கு இன்னும் சீக்கிரம் புரியும். அந்த அறையில் இருந்த இரண்டு பட்டதாரிகளுக்கு...?

ராஜா பென்சிலைக் கடித்தார். முகத்தில் ஓர் ஒளி. “பார்த்தீங்களா சார்? எண் ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. அந்த ஓர் எண்ணில் மட்டும் தடை! அடிமனசுல என்னமோ அமுங்கிக் கிடக்கு. சின்ன வயசுல, அனேகமா ஆறு வயசுல, ஏதோ பெரிய பயம்...” பேச்சியம்மாளைப் பார்த்து, “ஆறு வயசுல உனக்கு என்னம்மா நடந்தது?” என்றார்.

“அந்த வயசுல ஆடு மேய்ச்சேன்யா.”

“ஆடு உன்னை முட்டிச்சா?”

“ஒண்ணு ரெண்டு தடவ முட்டும். ஆடுன்னா முட்டாம?”

ராஜா எழுதிக்கொண்டார். மனப்பூர்வமாக எழுதிக்கொண்டார்!

“இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம்” என்று ஆரம்பித்தார் வைத்தியநாதன். “எண் என்பது வெளியில் இருக்கும் பொருளா, மனம் கற்பிக்கும் ஒரு...”

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. “சார், அவள் புருஷன் பெயர் ஆறுமுகம்” என்றேன்.

“தெரியுமே. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேனே” என்றார் வைத்தியநாதன். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவர் வாய் திறந்தபடி நின்றது.

ராஜா மட்டும் அசையவில்லை. “பேசக்கூடாது மிஸ். டெஸ்ட்டோட கண்டிஷன் கெட்டுப்போயிரும்.”

“கெடட்டும் மிஸ்டர் ராஜா. உங்கள் தாயார் உங்கள் தகப்பனாரை எப்படிக் கூப்பிடுவார்?”

“ஏவண்டின்னு கூப்பிடுவாங்க. எங்க வீட்டில தெலுங்கு.”

“பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுண்டா?”

“சேச்சே!”

“ஏன்?”

“அது... அது வீடு, மிஸ். இது டெஸ்ட்!”

இந்தப் பதிலை நான் மறக்கமாட்டேன். மூன்று வருஷ ஸ்பெஷல் படிப்பு முழுவதையும் நாலைந்து சொற்களில் அடக்கிவிட்டார் மனிதர்.

“அப்படியென்றால் வேறு எண் கேளுங்கள். நாலு கேளுங்கள், எட்டு கேளுங்கள்.”

“ஒரு எண்ணை மாத்தினாக்கூட இது டெஸ்ட்டே இல்லை. சீமையில் எத்தனையோ பேருக்குக் கொடுத்துத் தரப்படுத்தின வரிசை.”

சீமையில் எத்தனை ஆறுமுகங்களின் மனைவிகளுக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் நூலைப் பற்றிச் சொன்னேன். மழை நாளில் இழுத்துப் பார்த்தால் பஞ்சு நூல் ஒரு பலம் காட்டும். காய்ந்த நாளில் வேறு பலம் காட்டும். அதனால் நூலைக் கொண்டுவந்தவுடன் கருவியில் மாட்டமாட்டோம். அறையின் ஈரத்துக்கு அது பழகுகிற வரை சும்மா வைத்திருப்போம். நூல் எங்கிருந்து வந்தது, எந்தக் காற்றில் கிடந்தது என்று தெரியாமல் எழுதுகிற எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு முழம் நூலுக்குச் செய்கிற இந்த மரியாதையை ஒரு மனுஷிக்குச் செய்யக்கூடாதா?

“நூல் வேற, மனசு வேற மிஸ். இது வேற சப்ஜெக்ட்” என்றார் ராஜா.

“இதைத்தானே நான் காலையிலிருந்து சொல்கிறேன்!” என்று குதித்தார் வைத்தியநாதன். “பொதுவாகப் படித்திருந்தால் வழக்கம், ஒழுக்கம் எல்லாம் தெரிந்திருக்கும்.”

“எல்லாம் தெரிஞ்ச நீங்க ஏன் சார் கண்டுபிடிக்கலை?”

“நான் எண்ணின் இயல்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.”

பிறகு என்ன, கரி பஸ் மறுபடி புறப்பட்டுவிட்டது! இந்த விஷயம் மனோதத்துவத்தில் சேருமா, சமூக சாஸ்திரத்தில் சேருமா, நான்காவது வருஷம் ஒன்று வைக்கலாமா, தர்க்கத்தைக் குறைக்கலாமா... எனக்கு எதையும் பட்டியல் போடுகிற கெட்ட பழக்கம். அந்த நேரத்தில் அவர்கள் பேசியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன்: பாடத்திட்டம் வந்தது, பல்கலைக்கழகம் வந்தது, சீமை வந்தது, ஆன்மா கூட ஒரு தரம் வந்து போனது. பேச்சியம்மாள் வரவில்லை. அவள் அவர்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் வைத்தியநாதனுக்கு ஒரு யோசனை. அவளிடம் திரும்பினார். “இதோ பாரம்மா. இது வெறும் எண். இந்த எண்ணுக்கும் உன் புருஷனுக்கும் தர்க்கப்படி ஒரு சம்பந்தமும் இல்லை.”

“ஐயாவுக்கு இல்ல. எனக்கு இருக்குல்லா” என்றாள் அவள்.

பிறகு ராஜாவைப் பார்த்தாள். “இதைச் சொன்னா வேலை உண்டா ஐயா? நிச்சயமா?”

“வரிசையை முழுசாச் சொன்னா பாஸ்.”

“மாத்திப் பேசமாட்டீயள்லா?”

“மாத்தமாட்டேன்.”

“பேச்சியம்மா, நீ சொல்ல வேண்டாம். நான் மானேஜரிடம் போய்ப் பேசுகிறேன்” என்றேன் நான்.

“மானேசரு ஐயா வெளியூருல்லா போயிருக்காவ, டீச்சரம்மா. வர ரெண்டு நாளாகும்னு வாசல்ல சொன்னாவ. அதுக்குள்ள இடத்தை வெளிய இருக்கவளுக்குக் குடுத்துருவாவல்லா?” அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “சொன்னா அவிய ஆயுசு குறையும்னுதான் எங்கம்மா சொன்னா. சோறு இல்லைன்னா மட்டும் ஆயுசு கூடவா செய்யும்?”

எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“அஞ்சு. ஏழு. ரெண்டு.” ஒரு மூச்சு. “ஆறு.”

பிறகு திரும்பவில்லை. அப்படியே பக்கவாட்டில் நடந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் இருவரின் முகத்தையும் பார்த்தேன். இப்போதாவது... என்று ஓர் ஆசை.

“தடை நீங்கிடுச்சு!” என்றார் ராஜா. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “பார்த்தீங்களா? பக்குவமா அழுத்தம் கொடுத்தா அமுங்கிக் கிடந்தது வெளியே வந்துரும். ஸ்பெஷல் படிப்போட பலன் சார் இது!”

“மன்னிக்க வேண்டும். எண் வேறு, பெயர் வேறு என்று நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவள் சொன்னாள். இது தர்க்கத்தின் வெற்றி” என்றார் வைத்தியநாதன்.

அன்று மாலை பஸ்ஸிலும் வெற்றி யாருக்கு என்பதில் முடிவு ஏற்படவில்லை. ராஜாவுக்கு வீடு ராஜபாளையத்திலேயே இருக்கிறது. இருந்தும் வாதத்தை முடிப்பதற்காக டிக்கெட் எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்தார். படிப்பின் மீது எவ்வளவு பற்று!

தன் மகளுக்கு மனோதத்துவத்தில் ஆசை, தனியாகப் படிக்க வைக்கவா, பொதுவாகப் படிக்க வைக்கவா என்று இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கும் வாசகர் ஒருவர் என்னைக் கேட்டிருந்தார். அம்மணி எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும். நான் பார்த்த வரையில் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன, மேஜைக்கு அந்தப் பக்கம். ஒரு பி.ஏ. அங்கே உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச்சைப் பார்க்கிறது. மற்றது கூரையைப் பார்க்கிறது. படிக்கப் போகிற பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: காலேஜ் வாசலில் செருப்பைக் கழற்றலாம், தன் வீட்டையும் ஊரையும் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

பேச்சியம்மாள் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சனிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் ரீலிங் பக்கம் போனேன். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டில் எப்படி இருக்கிறார்?”

“கொஞ்சம் தேவலை டீச்சரம்மா. கம்பை ஊண்டி நிக்காவ.”

“அன்றைக்கு நடந்ததை... அவரிடம் சொன்னாயா?”

“சொல்லாம? வீட்டுக்குப் போனதும் காலைப் பிடிச்சு அழுதுட்டேன். உங்க பேரை நாலு பேரு முன்னால சொல்லிட்டேன், உங்க ஆயுசுல கைய வச்சிட்டேன்னு.”

“திட்டினாரா?”

அவள் சோற்றைப் பிசைந்தாள். நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

“அவிய எங்க திட்டினாவ? எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, ‘எங்கே, இன்னொரு தடவ சொல்லு பாப்போம்’ங்காவ!”

“சொன்னாயா?”

“நல்லா இருக்கே! சும்மா சொல்லுததுக்கு அவிய என்ன வேலையா போட்டுத் தரப்போறாவ?”

இதை இரண்டு பி.ஏ.க்களிடமும் நான் சொல்லவில்லை. உடனே பென்சிலை எடுத்துக்கொண்டு சேத்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள்.